வண்டியின் வயதா, புகையின் அளவா?

பழைய டீஸல் மோட்டார் வண்டி ஒன்றை வைத்துக் காப்பாற்றி வருபவன் குற்றவாளியா? இக்கேள்வியைக் கேட்டு நகைப்பவர் நகைக்கட்டும். தேசத்தின் தலைநகரமாகிய டில்லியில் இது நகைப்புக்குரிய கேள்வியன்று. வண்டி நன்றாக ஓடுகிறதா, புகை அளவோடு இருக்கிறதா, சொந்தக்காரர் அதைச் சரிவரப் பேணுகிறாரா என்ற விசாரணை எதுவுமின்றி, பிறந்த தேதி ஒன்றை மட்டும் பார்த்து அதற்கு மரண தண்டனை விதிப்பது நியாயமா என்பதே இங்கே எழும் பிரச்னை. அத்துடன், நகர ஜனங்கள் சுவாசிக்கும் காற்றும் இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே இதை ஒரு பக்கம் மட்டும் நின்று பார்ப்பது நமக்குத் தகாது.

நடந்ததை முதலில் கூறுவோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும்; பின்னர் பரிசோதனைக்குட்பட்டுப் புதுப்பித்துக்கொள்ளலாம். இப்படியிருக்க, 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டில்லிப் பிரதேசத்தில் 10 ஆண்டு கடந்த டீஸல் வண்டிகள் ஓடலாகாது என்று உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் ஸுப்ரீம் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. 2022 ஜனவரி முதல் தேதியன்று லட்சத்துக்கு மேற்பட்ட டீஸல் வண்டிகளின் பதிவை டில்லி சர்க்கார் ரத்து செய்தது. 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து இத்தகைய வண்டிகளுக்கு எண்ணெயே ஊற்றக்கூடாதென்று பங்குகளுக்குக் கட்டளை பிறந்தது; ஜனங்களின் அதிருப்தி கிளம்பவே அது சில தினங்களில் நிறுத்திவைக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் வயதை மட்டும் காரணமாகக் கொண்டு கடும் நடவடிக்கை எடுக்கலாகாது என்று ஸுப்ரீம் கோர்ட்டு கூறியது. அதே ஆண்டு டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு பாரத் நான்காம் தரத்துக்கும் அதற்குப் பிந்திய தரத்துக்கும் உட்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே என்று திருத்தியது. பத்தாண்டுக் காலம் இவ்வாறு கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தால் பிரஜை எதை நம்பி வாழ்வது என்று கேட்கிறோம்.

இவ்வண்டிகளை வாங்கியவர்கள் யார்? தனவான்களில் பெரும்பாலோர் நாலைந்து வருஷத்துக்கொருமுறை வண்டியை மாற்றிவிடுகிறார்கள். பழைய வண்டியை வைத்திருப்பவர் பெரும்பாலும் நடுத்தரக் குடும்பத்தினர். ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர், சிறு வியாபாரி, கிராமத்துக்கும் நகரத்துக்கும் போய்வருபவர். இவர்களை டீஸலின் பக்கம் இழுத்தது எது? 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை சர்க்கார் நீக்கியது. டீஸல் விலையையோ 2014 அக்டோபர் வரையில் தன் கையிலேயே வைத்துத் தாழ்த்தி வந்தது. 2012-ல் டில்லியில் இரண்டுக்குமிடையே லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. இவ்வளவு பெரிய தூண்டுதலைச் செய்துவிட்டு, அதற்கு இணங்கியவனைப் பின்னர் காற்றைக் கெடுத்தவன் என்று தூற்றுவது எந்த ராஜநீதி?

டீஸல் யந்திரத்தின் தன்மையை அறிந்தால், அதைச் சிலர் ஏன் விடாது பற்றியிருக்கிறார்கள் என்பது விளங்கும். ருடால்ப் டீஸல் என்ற ஜெர்மானியர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் தமது யந்திரத்தை வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் யந்திரத்தில் நெருப்புப் பொறியினால் எரிபொருள் பற்றுகிறது. டீஸலில் பொறி கிடையாது. காற்றை இருபது மடங்கு வரையில் நெருக்கினால் அது தானே கொதிப்பேறும். அதனுள் எண்ணெயைப் பீய்ச்சியவுடன் தீப்பற்றும். இந்த அழுத்தத்தைத் தாங்கவேண்டியிருப்பதால் யந்திரத்தின் உடல் கனமாகவும் வலுவாகவும் செய்யப்படுகிறது. குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும் வலிமையும், எண்ணெய்ச் சிக்கனமும், நீண்ட ஆயுளும் அதனால் கிடைக்கின்றன. டீஸல் அம்பாஸடர் வண்டியை ஓட்டியவர்களும், பல கம்பெனி வண்டிகளில் பொருத்தப்பட்ட 1,248 கனசென்டிமீட்டர் பியட் யந்திரத்தை ஓட்டியவர்களும் இதை அநுபவத்தில் அறிவார்கள்.

கையால் கியர் மாற்றும் வண்டியாயின் ஓட்டுபவனுக்கும் யந்திரத்துக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. மலைப்பாதையில் ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ, இறங்குவதற்கும் ஏறக்குறைய அதுவே தகும். அப்போது யந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் கொதிக்காது. சுழற்சி மிகத் தாழ்ந்திருக்கும்போது மேல் கியரில் வைத்து மிதித்தால் யந்திரம் முனகும். எண்ணெய் முழுதும் எரியாமல் கரும்புகை எழும். கிளச்சில் ஓயாமல் காலை வைத்திருப்பவன் அதன் தட்டைத் தேய்க்கிறான். ஆகவே நல்ல ஓட்டுநனிடம் பழைய வண்டி குறைவாகப் புகைகிறது. கெட்டவனிடம் புது வண்டியும் புகைகிறது. பிறந்த தேதியை மட்டும் பார்க்கும் சட்டத்துக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

இனி மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். டீஸல் புகை விஷமென்பதில் ஐயமில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ல் அதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது. கார் ஒன்று கிலோமீட்டருக்குக் கக்கக்கூடிய நுண்துகளின் உச்ச அளவு பாரத் மூன்றாம் தரத்தில் 0.05 கிராம், நான்காம் தரத்தில் 0.025, 2020 ஏப்ரல் முதல் அமுலுக்கு வந்த ஆறாம் தரத்திலோ 0.0045 கிராம். அதாவது நான்காம் தர வண்டி, புதியதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் கரி கக்க அநுமதி பெற்றது. நுரையீரல் பழுதுற்ற குழந்தையின் முன் நின்று, ‘என் வண்டி என் சொத்து’ என்று வாதாடுவது எவருக்கும் அழகன்று.

ஆயினும் இதே கணக்கை இன்னும் ஓரடி தொடர்ந்து போடுவோம். நான்காம் தரப் பழைய வண்டி ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓடினால், சட்டம் அநுமதித்த அளவின்படி அது கக்குவது 75 கிராம். ஆறாம் தரப் புது வண்டி 30,000 கிலோமீட்டர் ஓடினால் அது கக்குவது 135 கிராம். வயது முதிர்ந்து பழுதுற்ற வண்டி இவ்வளவில் நிற்காது என்பது மெய்தான். அதனாலேயே பரிசோதனை வேண்டும் என்கிறோம். ஓடும் தூரத்தையும் உண்மைப் புகையையும் விட்டு வயதை மட்டும் அளப்பது, நோயாளியைத் தொட்டுப் பாராமல் ஜாதகத்தைப் பார்த்து மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

புதியது என்பதனாலேயே ஒன்று சுத்தமாகிவிடாது. 2015 செப்டம்பரில் வெளியான வோக்ஸ்வாகன் மோசடி இதற்குச் சாட்சி. பரிசோதனைச் சாலையில் நல்ல பிள்ளையாகவும் வீதியில் வேறாகவும் நடக்கும்படி கட்டளை அமைந்த டீஸல் வண்டிகள் உலகெங்கும் 1 கோடியே 10 லட்சம் இருந்ததாக அக்கம்பெனியே ஒப்புக்கொண்டது. மேலும், டில்லியில் ஓடலாகாத வண்டியை ஆட்சேபணையில்லாச் சான்றிதழ் பெற்று வேறு மாகாணத்தில் விற்றுவிடலாம் என்று வழி செய்யப்பட்டது. தலைநகரத்தில் விஷமாயிருக்கும் புகை, எல்லையைத் தாண்டியவுடன் அமிர்தமாகிவிடுமா? மற்ற ஊர்களில் வாழ்பவர்களுக்கு நுரையீரல் இல்லையா?

சர்க்கார் செய்யவேண்டியது யாது? இப்போது டீஸல் வண்டிகளுக்கு நடக்கும் புகைப் பரிசோதனை, யந்திரத்தை வேகமாக மிதித்துப் புகையின் கருமையை மட்டும் அளப்பது. கண்ணுக்குப் புலப்படாத நுண்துகளையும் நைட்ரஜன் வாயுக்களையும் அது அளப்பதில்லை. முதற்கண் இப்பரிசோதனையைத் திருத்தவேண்டும். வயது ஏற ஏறப் பரிசோதனை அடிக்கடி நடக்கட்டும். தேறாத வண்டி ஒரு வயதுக் குழந்தையாயினும் வீதிக்கு வரலாகாது. தேறிய வண்டியை வயதைக் காட்டி ஒழிக்கலாகாது. கழிக்கப்படும் வண்டிக்கு நியாயமான கிரயம் கிடைக்கவேண்டும். பஸ்ஸும் ரயிலும் பெருகி, சொந்த வண்டியின்றிக் காலங்கழிக்க வசதி ஏற்படவேண்டும்.

வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நியாயம் கேட்பவன் கையில் அழுக்கு இருக்கக்கூடாது. காசு கொடுத்து வாங்கிய பொய்ச் சான்றிதழை ஒட்டிக்கொண்டு உரிமை பேசுபவர் தம் கட்சிக்கே துரோகம் செய்கிறார். காற்று வடிகட்டியையும் எண்ணெய் வடிகட்டியையும் காலத்தில் மாற்றுங்கள். வடிகட்டியில் சேரும் நீரை வடித்துவிடுங்கள். எண்ணெய் பீய்ச்சும் நாஸில்களைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டிச் சோதியுங்கள். கரும்புகை கண்டால் அன்றே பட்டறைக்குப் போங்கள். பக்கத்துக் கடைக்கு நடந்து செல்லுங்கள். குளிர்ந்த டீஸல் யந்திரம் சிறு தூரத்தில்தான் அதிகம் கெடுகிறது, கெடுக்கவும் செய்கிறது.

இருப்பதைப் பேணி நெடுநாள் உபயோகிப்பது நம் ஜனங்களின் பழைய சிக்கன குணம். அதைக் குற்றமாக்கும் சட்டம் நிலைக்காது. அண்டை வீட்டாரின் மூச்சை மதிக்காத சிக்கனமும் தர்மமாகாது. இவ்விரண்டையும் சேர்த்து நிறுக்கும் தராசு புகையை அளக்கும் கருவியே. பஞ்சாங்கம் அந்த வேலையைச் செய்யாது. அக்கருவியை நேர்மையானவர் கையில் கொடுக்கும்படி சர்க்காரை வற்புறுத்துவோம். அதன் முன் நம் வண்டிகளை அஞ்சாமல் நிறுத்தும் யோக்கியதையை நாமும் பெறுவோம்.