சிங்கப்பூர் – நியூயார்க் இடைநில்லா வான்பயணம்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திற்கும் நியூயார்க் நகரின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திற்கும் இடையே எங்கும் தரையிறங்காமல் செல்லும் வான்பயணம் உலகின் மிக நீண்ட பயணிகள் விமான சேவைகளுள் ஒன்றாகும். இவற்றுக்கு இடையேயான தொலைவு ஏறத்தாழ 15,350 கி.மீ. பயண நேரம் சுமார் 18 முதல் 19 மணி நேரம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் இச்சேவையை 2020 நவம்பரில் தொடங்கியது.

தொலைவைக் கணக்கிடும் முறை

புவி உருண்டை வடிவமானது. எனவே இரு இடங்களுக்கு இடையேயான மிகக் குறுகிய வழி, தட்டையான வரைபடத்தில் வரையும் நேர்கோடு அன்று. புவியின் வளைவை ஒட்டிய பெருவட்டக் கோடு ஆகும்.

சாங்கி 104° கிழக்குத் தீர்க்கரேகைக்கு அருகிலும், நியூயார்க் 74° மேற்குத் தீர்க்கரேகைக்கு அருகிலும் உள்ளன. இவற்றின் வேறுபாடு ஏறக்குறைய 178°. அதாவது, இரண்டும் புவியின் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளன. ஆகவே இவற்றை இணைக்கும் பெருவட்டக் கோடு வடதுருவத்திற்கு மிக அருகில் செல்கிறது.

இதனால் தொலைவை எளிதாகக் கணக்கிடலாம். சாங்கியின் அட்சரேகை 1.36° வடக்கு, அங்கிருந்து துருவம் வரை 88.64°. நியூயார்க்கின் அட்சரேகை 40.64° வடக்கு, துருவத்திலிருந்து அங்கு வரை 49.36°. மொத்தம் 138°. ஒரு பாகைக்குச் சுமார் 111.2 கி.மீ. எனக் கொண்டால், ஏறத்தாழ 15,346 கி.மீ. கிடைக்கும்.

குறுகிய வழியும் விரைவான வழியும்

மிகக் குறுகிய வழியே எப்போதும் விரைவான வழியாக இருப்பதில்லை. வானில் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று சில வேளைகளில் மணிக்கு 200 கி.மீ. வேகத்தையும் கடக்கும். இக்காற்று பின்னிருந்து தள்ளினால், கூடுதல் தொலைவு பறந்தாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும்.

எனவே சிங்கப்பூரிலிருந்து புறப்படும் விமானம் பெரும்பாலும் பசிபிக் பெருங்கடல் வழியாகச் செல்கிறது. திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருவதும் உண்டு. அவ்வாறு வந்தால் அப்பயணி இரு முறையும் கிழக்கு நோக்கிப் பறந்து உலகையே சுற்றி வந்தவராகிறார். வழி அன்றன்றைய காற்றைப் பார்த்தே முடிவு செய்யப்படுகிறது.

நேர வேறுபாடு

குளிர்காலத்தில் நியூயார்க் நேரம் சிங்கப்பூரைவிட 13 மணி நேரமும், கோடையில் 12 மணி நேரமும் பின்தங்கியிருக்கும். குளிர்காலத்தில் சிங்கப்பூரில் நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டு 18½ மணி நேரம் பறப்பவர், அதே நாள் மாலை 5.30 மணிக்கு நியூயார்க்கில் இறங்குவார். அங்கிருந்து இரவு 10 மணிக்குத் திரும்புபவரோ, மூன்றாம் நாள் அதிகாலை 5.30 மணிக்கே சிங்கப்பூர் சேர்வார்.

விமானமும் எரிபொருளும்

நியூயார்க்கை அடுத்துள்ள நியூவர்க் விமான நிலையத்திற்கு இந்நிறுவனம் 2004-இலேயே இடைநில்லா சேவையைத் தொடங்கியது. அதில் பயன்பட்ட ஏர்பஸ் ஏ340-500 நான்கு எஞ்சின்கள் கொண்டது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாததால் 2013-இல் அச்சேவை நிறுத்தப்பட்டது.

இரண்டு எஞ்சின்களே கொண்ட ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானம் வந்த பிறகு, 2018 அக்டோபரில் நியூவர்க் சேவை மீண்டும் தொடங்கியது. இவ்விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் குறைக்க 161 இருக்கைகள் மட்டுமே அமைக்கப்பட்டன. சாதாரண எகானமி வகுப்பு இல்லை. நெடுந்தொலைவுப் பயணத்தில், எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும் என்பதே இதற்குக் காரணம்.