நடுவில் மாட்டிக்கொண்ட மேனேஜர்

ஆள் சேர்த்தே வளர்ந்த எலெக்ட்ரானிக் சிட்டியில், ஆள் சேர்க்காமல் வளர வேண்டிய காலம் வந்துவிட்டது. முதலில் ஆட்டம் கண்டிருப்பது இடைநிலை நிர்வாகியின் நாற்காலி.

புரோகிராமராகச் சேர வேண்டியது. சில ஆண்டுகளில் டீம் லீடர், பிறகு மேனேஜர். அதற்குப் பின் கவலை இல்லை. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்த ஒரு தலைமுறை இந்தக் கணக்கை நம்பித்தான் வீட்டுக் கடன் வாங்கியது. 2025 ஜூலையில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் (டி.சி.எஸ்.) வெளியிட்ட அறிவிப்பு அந்தக் கணக்கைப் பொய்யாக்கிவிட்டது. மொத்த ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, அந்த நிதியாண்டுக்குள் வீட்டுக்கு அனுப்பப்போவதாக அது சொன்னது. அதைவிட அதிர்ச்சி தந்த செய்தி, பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் இடைநிலை, மேல்நிலைப் பதவிகளில் இருப்பவர்கள் என்பதுதான்.

டி.சி.எஸ்.ஸின் தலைமையகம் மும்பை. ஆனால் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் அதற்கு வளாகம் உண்டு. அங்குள்ள மற்ற பெரிய மென்பொருள் நிறுவனங்களும் ஏறக்குறைய அதே அச்சில் வார்க்கப்பட்டவைதான். ஆகவே இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமல்ல.

டெல்லி வாசலில் காத்திருப்பு

இந்தத் தொழிற்பேட்டையின் வரலாற்றில் நிர்வாகியின் தலைவலி காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. கர்நாடக அரசு நிறுவனமான கியோனிக்ஸ், ஆர்.கே. பாலிகாவின் முனைப்பில் 1978-ல் கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் இதை உருவாக்கியது. அன்று கம்ப்யூட்டரை இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டும். அதற்காக டெல்லிக்கு நடையாய் நடக்க வேண்டும். தொலைபேசி இணைப்புக்கும் காத்திருக்க வேண்டும். சர்க்காரைச் சமாளிக்கத் தெரிந்தவரே நல்ல நிர்வாகி.

1991 பொருளாதாரச் சீர்திருத்தங்கள் அந்தப் பூட்டுகளைத் திறந்தன. அதே ஆண்டு மத்திய அரசு அமைத்த மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு செயற்கைக்கோள் இணைப்பைத் தந்தது. அமெரிக்க வாடிக்கையாளரின் வேலையை இங்கே உட்கார்ந்தே முடித்து அனுப்ப முடிந்தது.

திறந்த கதவு வழியாக வெளிநாட்டு நிறுவனங்களும் உள்ளே வந்தன. திறமைசாலிகளைத் தக்கவைப்பது புதிய தலைவலி ஆனது. 1994-ல் எலெக்ட்ரானிக் சிட்டி வளாகத்துக்கு இடம்பெயர்ந்த இன்ஃபோசிஸ், ஊழியர்களுக்குப் பங்குகள் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1995-ல் அதற்கு இன்னொரு சோதனை. அதன் வருமானத்தில் சுமார் கால் பங்கைத் தந்துகொண்டிருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் விலையைக் குறைக்கச் சொன்னது. இன்ஃபோசிஸ் மறுத்து, அந்த வாடிக்கையாளரை இழந்தது. ஒருவரையே நம்பி இருக்கக் கூடாது என்பது அதில் கற்ற பாடம். பல வாடிக்கையாளர்கள் என்றால் பல குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மேனேஜர். இப்படித்தான் அந்த நாற்காலிகள் பெருகின.

பிரமிடின் கணக்கு

மென்பொருள் ஏற்றுமதித் தொழில் பிரமிடு வடிவில் வளர்ந்தது. அடியில் கல்லூரியிலிருந்து நேராக வரும் இளைஞர்கள். மேலே போகப் போக எண்ணிக்கை குறையும், சம்பளம் கூடும். கூடுதல் வருமானம் வேண்டுமானால் கூடுதல் ஆட்கள் வேண்டும். லாபம் நிலைக்க வேண்டுமானால் குறைந்த சம்பளக்காரர்கள் அதிகம் இருக்க வேண்டும். அடித்தளம் ஆண்டுதோறும் அகன்றுகொண்டே இருந்தவரை மேலே பதவிகளுக்குப் பஞ்சமில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நன்றாகப் புரோகிராம் எழுதியவருக்குக் கிடைத்த பரிசு, புரோகிராம் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுதுபவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை.

அடித்தளம் எப்போதும் அகலும் என்ற அனுமானம் இப்போது பொய்த்திருக்கிறது. 2022 ஜூனில் இன்ஃபோசிஸில் வேலையை விட்டுப் போவோர் விகிதம் 28.4 சதவீதத்தைத் தொட்டது. போகிறவரை நிறுத்துவது எப்படி என்பதே அன்று மேனேஜரின் கவலை. இரண்டே ஆண்டுகளில் காட்சி தலைகீழானது. 2023 மார்ச் இறுதியில் 3,43,234 ஆக இருந்த ஊழியர் எண்ணிக்கை 2024 மார்ச்சில் 3,17,240 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் ஆண்டு வருமானமோ 1,821 கோடி டாலரிலிருந்து 1,856 கோடி டாலராகச் சற்றே கூடியது. ஆட்கள் குறைந்தும் வருமானம் குறையவில்லை.

மேற்கத்திய நாடுகளில் தேவை மந்தமானது இதற்கு ஒரு காரணம். இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர் செய்துவந்த எளிய புரோகிராம், சோதனை வேலைகளைத்தான் அது முதலில் எடுத்துக்கொள்கிறது. அடியில் ஆள் குறைந்தால் கண்காணிக்க ஆள் எதற்கு என்ற கேள்வி தானாக எழுகிறது.

பொறுப்பு உண்டு, அதிகாரம்?

மிச்சமிருக்கும் மேனேஜரின் வேலையும் சுலபமாகிவிடவில்லை. ஊழியர்கள் வெளி வேலை பார்ப்பது 2022-ல் பெரிய சர்ச்சையானது. அதற்காக 300 பேரை நீக்கியதாக விப்ரோ அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் இன்ஃபோசிஸ், முன் அனுமதி பெற்றுக்கொண்டு சில வெளி வேலைகளைச் செய்யலாம் என்றது. அந்த அனுமதியைத் தர வேண்டியவர்களில் ஒருவர் மேனேஜர். 2025 மார்ச்சில் ஐந்தாம் நிலையிலும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் மாதம் 10 நாள் அலுவலகம் வந்தாக வேண்டும் என்ற விதி கறாரானது. டி.சி.எஸ்.ஸில் 2025 ஜூன் முதல், ஒருவர் ஆண்டுக்கு 225 நாளாவது வருமானம் தரும் வேலையில் இருக்க வேண்டும். ப்ராஜெக்ட் இல்லாமல் 'பெஞ்ச்'சில் இருப்பது 35 நாளைத் தாண்டக் கூடாது.

விதிகள் மேலிருந்து வருகின்றன. முணுமுணுப்பு கீழிருந்து வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் மேனேஜரின் மேஜை. முன்பெல்லாம் அவர் கையில் பதவி உயர்வும் அமெரிக்கப் பயணமும் இருந்தன. அதைச் சொல்லி ஆட்களைச் சமாதானப்படுத்தலாம். இப்போது தன் வேலைக்கே உத்தரவாதம் இல்லாதவர் அடுத்தவருக்கு என்ன வாக்குறுதி தர முடியும்?

சட்டம் கைகொடுக்குமா?

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஆபத்து இருக்கிறது. 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், நிர்வாகப் பணியில் இருப்பவர்களைத் 'தொழிலாளர்' என்ற வரையறையிலிருந்து விலக்கியது. 2020-ல் இயற்றப்பட்ட தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் அப்படியே. ஆட்குறைப்புக்கு எதிராகத் தொழிலாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, மேனேஜருக்குக் கிடையாது.

ஆனால் பதவியின் பெயரைவிட, உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. 2015-ல் சென்னையில் டி.சி.எஸ். பணிநீக்கம் செய்த ஒருவர் தொழிலாளர் நீதிமன்றம் போனார். அவர் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் என்று நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவரை மீண்டும் வேலையில் சேர்க்கும்படி 2022-ல் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த நியாயம் கிடைக்க ஏழு ஆண்டுகள் பிடித்தன. வீட்டுக் கடன் தவணை அவ்வளவு காலம் காத்திருக்காது.

நிறுவனங்கள் செய்யக்கூடியது உண்டு. மேனேஜர் ஆனால்தான் சம்பளம் உயரும் என்ற நிலையை மாற்றி, தொழில்நுட்பத்திலேயே இருந்து முன்னேறும் ஏணியை வலுப்படுத்தலாம். மற்றவர்களின் வேலையை மேற்பார்வை செய்வதே வேலை என்றாகிவிட்டவர்களுக்கு மறுபயிற்சி தரலாம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் நிறுவனத்தோடு வளர்ந்தவர்களுக்கு இதைச் செய்வது தருமம் மட்டுமல்ல, லாபமும்கூட. வாடிக்கையாளரின் தொழிலை ஆழமாக அறிந்தவர்கள் அவர்கள்தான். அந்த அறிவு கல்லூரியிலிருந்து நேராக வருபவரிடம் கிடைக்காது.

மேனேஜர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. தன் கீழ் எத்தனை பேர் என்று சொல்லிப் பெருமைப்பட்ட காலம் போய்விட்டது. அந்த ஆட்கள் இல்லாவிட்டாலும் தன்னால் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்குக் கையில் பதில் வைத்திருப்பவருக்கே அடுத்த பத்தாண்டுகளில் எலெக்ட்ரானிக் சிட்டியில் நாற்காலி நிச்சயம்.