பேரரசரின் பாதி வாக்கியம்

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் எப்படியும் ஒரு பளிங்குச் சிலை எதிர்ப்படும். சுருட்டைத் தாடி, பின்னணியில் அதிரும் இசை, கீழே ஆண்களுக்கு இரண்டு வரி அறிவுரை. பெரும்பாலும் அந்த முகம் கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட மார்கஸ் ஆரேலியஸுடையது. 2023 செப்டம்பரில், "ரோமப் பேரரசை எவ்வளவு அடிக்கடி நினைப்பீர்கள்?" என்று பெண்கள் தங்கள் கணவரையும் காதலரையும் கேட்ட டிக்டாக் வீடியோக்கள் உலகெங்கும் பரவின. அந்தப் பழைய உலகத்தின் மீது இத்தனை பேருக்கு ஆசை இருப்பது நல்ல செய்தி. ஆனால் அவர்கள் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் வெட்டி எடுத்த துண்டுகள்தான்.

மார்கஸின் 'மெடிடேஷன்ஸ்' யாருக்கும் உபதேசிக்க எழுதியது அல்ல. கொள்ளைநோய் பேரரசை வாட்டிய ஆண்டுகளில், தனக்குத்தானே கிரேக்க மொழியில் எழுதிக்கொண்ட குறிப்புகள். ஒரு பகுதி டான்யூப் எல்லைப் போர்முனையில் எழுதப்பட்டது. மொத்தம் 12 பகுதிகள். முதல் பகுதி முழுவதும் நன்றி. எபிக்டெட்டஸின் உரைகளைத் தன் சொந்தப் பிரதியிலிருந்து படிக்கக் கொடுத்த ஆசிரியர் ருஸ்டிகஸைக்கூட அவர் மறக்கவில்லை. எபிக்டெட்டஸ் ஒரு காலத்தில் அடிமையாக இருந்த தத்துவஞானி.

விடுபடும் மறுபாதி

இரண்டாம் பகுதியின் தொடக்கம் இணையத்தில் மிகப் பிரபலம். இன்று நன்றி கெட்டவர்களையும் திமிர் பிடித்தவர்களையும் சந்திக்கப்போகிறாய் என்று காலையிலேயே மனதைத் தயார்செய்துகொள்ளச் சொல்கிறது. பல பதிவுகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. மார்கஸ் நிற்கவில்லை. அந்த மனிதர்களும் என் உறவுதான்; கைகளையும் கால்களையும் போல நாங்கள் சேர்ந்து உழைக்கப் பிறந்தவர்கள்; அவர்கள் மீது கோபம்கொள்வது இயற்கைக்கே விரோதம் என்று முடிக்கிறார். சக மனிதரைப் பொறுத்துக்கொள்ள எழுதியது, சக மனிதரை வெறுக்கப் பயன்படுகிறது.

மற்றவர்களுக்கும் இதே கதிதான். போர்க்களத்தில் ஆயுதத்தைக் கீழே போடச் சொன்ன பாரசீகருக்கு ஸ்பார்ட்டா மன்னன் லியோனிடாஸ் விட்ட சவால், இன்று அமெரிக்கத் துப்பாக்கி ஆதரவாளர்களின் டி-ஷர்ட்டில் இருக்கிறது. கி.மு. 480-ல் நடந்த அந்தப் போருக்கு 500 ஆண்டுகளுக்கும் பின்னர் வாழ்ந்த புளூட்டார்க்கின் பெயரில் வழங்கும் தொகுப்பில்தான் அந்தப் பதில் நமக்குக் கிடைக்கிறது. காதல் குருக்களைக் கேலிசெய்யும் தொனியில் ரோமக் கவிஞர் ஓவிட் எழுதிய 'ஆர்ஸ் அமடோரியா', பெண்களை மடக்கும் கையேடாக இணையக் குழுக்களில் உலவுகிறது. இந்தப் போக்கை 2018-ல் வெளிவந்த 'நாட் ஆல் டெட் வொய்ட் மென்' நூலில் விரிவாக ஆராய்ந்தவர் டோனா ஸக்கர்பெர்க். கிரேக்க, லத்தீன் இலக்கியம் கற்ற அவர், ஃபேஸ்புக் நிறுவனரின் தங்கை.

முழு நூலும் இலவசம்

இந்த நூல்களை முழுமையாகத் தருவதும் இதே இணையம்தான். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் நடத்தும் 'பெர்சியஸ்' மின்நூலகத்தில் மூல நூல்கள் பலவும் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புகளும் இலவசம். எந்தக் கிரேக்கச் சொல்லைத் தொட்டாலும் பொருளும் இலக்கணமும் வரும். ஒரு தலைமுறைக்கு முன் பெரிய பல்கலைக்கழக நூலகங்களை அணுக முடிந்தவர்களுக்கே கிடைத்த வசதி இது.

மார்கஸின் அந்தப் பத்தியை முழுதாகப் படிக்க ஒரு ரீல் பார்க்கும் நேரம் போதும். பகிர்கிறவர்கள் மறுபாதியையும் சேர்த்துப் பகிரட்டும். கோபத்திலேயே ஊறிக் கிடக்கும் இணையத்துக்கு அதுதான் இன்று அதிகம் தேவை.