உங்களுக்குத் தெரியுமா? பத்திரிகையில் உதிக்கும் சூரியன்

கண்ணொளி இழந்து, காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் மீளப் பெற்றவர் என்று பெரியபுராணம் போற்றும் சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த திருநாவலூரிலே, விடியற்காலையில் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து 'தினமணி'யையோ 'தினகரன்' பத்திரிகையையோ விரித்துப் படிக்கும் அன்பர் கையில் ஏந்தியிருப்பது, பெயரளவில், சூரியனையேயாகும்; ஏனெனில் பகலின் மணி, பகலைச் செய்பவன் என விரியும் அவ்விரு வடமொழிப் பெயர்களும் கதிரவனையே குறிப்பன. 1841-இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'உதயதாரகை' விடிவெள்ளி. 1913-இல் சுப்பிரமணிய சிவா தொடங்கிய 'ஞானபானு'வோ அறிவுச் சூரியன். அச்சுத் தாளின் வருகையை இருள் விலகும் நேரமாகவே நம் முன்னோர் கருதினர் போலும்!

பெயரில் புகுந்த ஒளி செய்தி நடையிலும் பரவியது. மறைந்திருந்த ஊழல் 'வெளிச்சத்துக்கு வருகிறது'; மக்களின் துயரம் 'வெளிச்சம் போட்டுக் காட்டப்படுகிறது'. இவற்றினும் என் மனத்தை மிகக் கவர்ந்த சொல் 'இருட்டடிப்பு' என்பதேயாம். 1942-இல், ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசக்கூடும் என்று அஞ்சிச் சென்னை மாநகரம் இரவில் தெரு விளக்குகளை மங்கவைத்தும் சாளரங்களை மூடியும் காத்திருந்ததே, அத்தகைய மெய்யான இருட்டைச் சுட்டுவதற்கும் அச்சொல் பொருந்தும். எல்லா விளக்குகளும் பிரகாசமாய் எரிந்துகொண்டிருக்கையிலேயே, வேண்டுமென்று ஒரு செய்தியை அச்சேறவிடாமல் தடுக்கும் செயலுக்கும் அதுவே பெயர்.