"சின்ன விஷயம்தானே" என்று ஸ்டேஷனில் சொன்னால்...

கோவைப் பக்கமிருந்து வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாகச் சித்தூர் தாலுகாவுக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவர்கள் இருக்கிறார்கள். மூணாறு, பீருமேடு லயங்களிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு. பர்ஸ் போனாலும், சட்டையைப் பிடித்து ஒருவன் அடித்தாலும், காவல் நிலையப் படியேற இவர்கள் தயங்குவது மூன்று பதில்களுக்குப் பயந்துதான்.

"இது சின்ன விஷயம், பேசித் தீர்த்துக்குங்க."

"இது எங்க லிமிட் இல்ல, அந்தப் பக்கம் போய்க் கொடுங்க."

"மலையாளத்துல எழுதிட்டு வாங்க."

முதல் பதில் சில சமயம் சட்டப்படி சரி, பல சமயம் தவறு. மற்ற இரண்டையும் சொல்லிப் புகாரைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. எது சட்டம், எது சாக்கு என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, கையில் ஒரு தாளாவது இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வராதிருப்பது.

போலீஸின் கையைச் சட்டமே கட்டும் இடம்

குற்றங்களைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. கோர்ட் உத்தரவுக்குக் காத்திராமல் போலீஸே விசாரணையில் இறங்கக்கூடியவை பிடியாணை வேண்டாக் குற்றங்கள். இவற்றுக்குத்தான் முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். மற்றவை பிடியாணை வேண்டும் குற்றங்கள். இவற்றில் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது.

ஆயுதமில்லாமல் அடித்துச் சிறுகாயம் ஏற்படுத்துவது, திட்டி அவமானப்படுத்துவது, வாய்வார்த்தையாக மிரட்டுவது எல்லாம் இரண்டாவது வகை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்கள் இந்த வகையில் இன்னொன்றையும் சேர்த்துவிட்டன: 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளின் திருட்டு. முதல்முறை தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. ஆகவே, திண்ணையில் வைத்த பழைய பட்டன் போன் காணாமல் போனதற்கு எஃப்.ஐ.ஆர். இல்லை என்று போலீஸ் சொன்னால் அது சோம்பல் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அதே போன் வேறு விதமாகப் போயிருந்தால் கதை மாறும். கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினால் அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவில் வரும் பறிப்புக் குற்றம். வீட்டுக்குள் புகுந்து எடுத்தாலோ, ஓடும் பஸ்ஸிலோ ஜீப்பிலோ பயணியிடம் திருடினாலோ 305-ஆம் பிரிவு. 7 ஆண்டு வரை சிறை. இவற்றுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். உண்டு. கைகலப்பிலும் அப்படித்தான். கத்தியோ அரிவாளோ பட்டிருந்தால், வழிமறித்து நிறுத்தியிருந்தால், வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்திருந்தால் போலீஸே விசாரிக்க வேண்டிய குற்றம். புகாரில் பொருளின் விலையை மட்டும் எழுதினால் போதாது. எங்கே, எப்படி, எதைக் கொண்டு என்று எழுதினால்தான் குற்றம் எந்த வகை என்பது தெரியும்.

இரண்டாவது வகைக் குற்றமாகவே இருந்தாலும் வெறுங்கையோடு அனுப்பச் சட்டம் சொல்லவில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174-ஆம் பிரிவின்படி, தகவலின் சாரத்தை அதற்கான பதிவேட்டில் எழுதி, புகார் தந்தவரை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்ல வேண்டும்.

தயக்கம் எங்கிருந்து வருகிறது?

எஃப்.ஐ.ஆர். போட்டால் அது கோர்ட் கணக்கில் ஏறிவிடும். சம்பவ இடத்தைப் பார்த்து மகஜர் எழுத வேண்டும், சாட்சிகளை விசாரிக்க வேண்டும், வழக்கு நாட்குறிப்பு எழுத வேண்டும், கடைசியில் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். ரோந்து, பந்தோபஸ்து, கோர்ட் ட்யூட்டி எல்லாவற்றையும் அதே ஆட்கள்தான் பார்க்கிறார்கள். எதிரி மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால், தேடிப்போக மேலதிகாரி அனுமதி, வண்டி, அந்த ஊர் போலீஸின் ஒத்துழைப்பு என்று வேலை இரட்டிப்பாகும்.

வழக்கு எண்ணிக்கை கூடினால் ஸ்டேஷன் எல்லையில் குற்றம் கூடிவிட்டதாகப் பார்க்கும் பழக்கமும் ஒரு காரணம். பதிவான வழக்குகள் கூடுவதும் குற்றம் கூடுவதும் ஒன்றல்ல என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகமே தன் ஆண்டறிக்கையில் எச்சரிக்கிறது. இருந்தாலும் எண்ணைப் பார்த்து எடைபோடும் பழக்கம் போகவில்லை. எதிர்த்தரப்பு எஸ்டேட் மேஸ்திரியாகவோ உள்ளூர்க் கட்சிக்காரராகவோ இருந்தால் சமரசப் பேச்சு இன்னும் சீக்கிரம் தொடங்கும்.

மக்கள் பக்கமும் ஒரு குழப்பம் உண்டு. கைமாற்றுப் பணம், வரப்புத் தகராறு, வாடகை பாக்கி ஆகியவை சிவில் விவகாரங்கள். பணத்தை வசூலித்துத் தரும் அதிகாரம் போலீஸுக்கு இல்லை. கூலி பாக்கிக்குத் தொழிலாளர் துறை, யானை மிதித்த பயிருக்கு வனத்துறை. இவற்றைத் திருப்பி அனுப்புவதைத் தட்டிக்கழிப்பு என்று சொல்ல முடியாது.

சிறிது என்று ஒதுக்கியதன் விலை

2025 ஜனவரி 27 அன்று பாலக்காடு மாவட்டம் நென்மாறா அருகே போத்துண்டியில் ஒரு மகனும் அவருடைய வயதான தாயும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த மகனின் மனைவியை 2019-இல் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு ஜாமீனில் இருந்தவர்தான் இந்த வழக்கிலும் கைதானார். நென்மாறா பஞ்சாயத்துக்குள் நுழையக்கூடாது என்பது அவருடைய ஜாமீன் நிபந்தனை. அதை மீறி அவர் ஊருக்குள் இருப்பதையும் மிரட்டுவதையும் குடும்பத்தினர் முன்பே போலீஸில் புகாராகக் கொடுத்திருந்தார்கள். அவரை அழைத்து எச்சரித்து அனுப்பியதோடு சரி. கொலைகளுக்குப் பிறகு நிலைய அதிகாரி சஸ்பெண்ட் ஆனார்.

மிரட்டல் என்பது சட்டத்தின் அட்டவணையில் பிடியாணை வேண்டும் குற்றம்தான். அதற்காகப் போலீஸ் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பெரிய குற்றம் நடக்காமல் தடுப்பது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவின்படி போலீஸின் கடமை. அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கும் அதிகாரம் அதே சட்டத்தின் 126-ஆம் பிரிவில் நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு. தேவிகுளத்தில் அது சப் கலெக்டர். ஜாமீன் நிபந்தனை மீறப்பட்டால், அரசு வழக்கறிஞர் வழியாகவோ நேரடியாகவோ கோர்ட்டில் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம். மிரட்டல் புகாரில் "இவர்மேல் ஏற்கெனவே இந்த வழக்கு இருக்கிறது, இந்த நிபந்தனையில் வெளியே இருக்கிறார்" என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்.

எல்லையும் மொழியும்

குமுளி பஸ்ஸில் பர்ஸ் போனது கூடலூரிலா, கம்பத்திலா என்று பயணிக்குத் தெரியாமல் இருக்கலாம். அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். பதிந்தபின் உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது போலீஸின் வேலை. பயணத்தின்போது நடந்த குற்றத்தை, அந்தப் பயணம் கடந்துபோன எந்த எல்லையிலுள்ள கோர்ட்டும் விசாரிக்கலாம் என்கிறது அதன் 203-ஆம் பிரிவு.

மொழிக்கும் பாதுகாப்பு இருக்கிறது. அரசியலமைப்பின் 350-ஆவது கூறு, குறைதீர்க்கும் மனுவை மாநிலத்திலோ ஒன்றியத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் ஒரு படி மேலே போய், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்கிறது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் போலீஸ் அதை எழுதி, படித்துக் காட்டி, பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். மலையாளத்தில் எழுதியிருந்தால் தமிழில் பொருள் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எந்தத் தாள் கையில் இருக்கிறது?

கேரளத்தில் புகார் முதலில் பெட்டிஷனாகப் பதிவாகி ரசீது வரும். தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். இரண்டுமே எஃப்.ஐ.ஆர். ஆகாது, புகார் வந்து சேர்ந்ததற்கான சான்று மட்டுமே. ஆனாலும் தேதியும் எண்ணும் உள்ள அந்தத் தாள் இல்லாமல் அடுத்த படி ஏறுவது கடினம். யாருக்கும் காயமில்லாத சிறு வாகன விபத்தில் இன்சூரன்ஸுக்குப் பெரும்பாலும் ஜி.டி. என்ட்ரி, அதாவது ஸ்டேஷனின் பொது நாட்குறிப்புப் பதிவு போதும். காயமோ உயிரிழப்போ இருந்தால் எஃப்.ஐ.ஆர். அவசியம். இழப்பீட்டு மனுவுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 6 மாதக் கெடு வைத்திருக்கிறது. சமரசப் பேச்சில் அதைக் கரைத்துவிடக்கூடாது.

எஃப்.ஐ.ஆர். பதிந்தால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் சொல்ல வேண்டும்.

மறுத்தால் ஏற வேண்டிய படிகள்

1. பிடியாணை வேண்டாக் குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. மறுத்தால், "எந்தப் பிரிவுப்படி முடியாது என்று எழுதிக் கொடுங்க சார்" என்று பணிவாகக் கேளுங்கள்.

2. நேரில் வாங்க மறுத்தால் கேரள போலீஸின் துணா இணையதளத்திலோ போல்-ஆப்பிலோ பதியுங்கள். மின்னணு வழியாகத் தந்த தகவலுக்கு 3 நாளுக்குள் கையெழுத்திட வேண்டும்.

3. அடுத்து மாவட்ட போலீஸ் தலைவருக்குத் தபாலில் புகாரை அனுப்புங்கள். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

4. அதற்கும் பலனில்லையென்றால், உறுதிமொழிப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவின்படி மனு. மேலே சொன்ன படிகளைக் கடந்ததற்கான தாள்களை இங்கே கேட்பார்கள். நேரே ஹைகோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை.

5. அதிகாரியின் நடத்தை பற்றிய புகாருக்கு, கேரள போலீஸ் சட்டம் 2011-இன்படி அமைந்த போலீஸ் புகார் ஆணையம் மாவட்ட அளவிலும் இருக்கிறது.

பாலியல் குற்றத் தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைப் புகாருக்கு எஃப்.ஐ.ஆருக்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை. அட்டப்பாடி மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் இதை மறக்கக்கூடாது.

வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் நின்றுவிட வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். அழைக்க வேண்டிய எண் 15100.

பேசித் தீர்ப்பதே நல்லது என்று தோன்றினால் தாராளமாகச் செய்யலாம். அண்டை வீட்டுச் சண்டைக்கு அதுவே நல்ல வழியாகவும் இருக்கும். ஒப்புக்கொண்டதை எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒரு நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தேதியை மட்டும் மனதில் வையுங்கள்: ஓராண்டு வரை சிறை விதிக்கக்கூடிய சிறு குற்றங்களுக்குக் கோர்ட்டுக்குப் போக ஓராண்டுதான் அவகாசம். "அடுத்த வாரம் வாங்க" என்ற பதில் அதற்குமேல் நீண்டால், அன்று வாங்கிய அடியை எந்தக் கோர்ட்டிலும் சொல்ல முடியாமல் போகலாம்.