இன்று நேற்று நாளை (திரைப்படம்)

இன்று நேற்று நாளை 2015 ஆம் ஆண்டு சூன் 26 அன்று வெளிவந்த தமிழ் அறிபுனைத் திரைப்படமாகும். ஆர். ரவிக்குமார் இயக்கிய முதற்படம் இது. விஷ்ணு விஷால், கருணாகரன், மியா ஜார்ஜ் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்துள்ளனர். ஹிப்ஹாப் தமிழா இசையமைத்துள்ளார். காலப்பயணத்தை மையக் கருவாகக் கொண்ட தொடக்ககாலத் தமிழ்ப் படங்களுள் இது குறிப்பிடத்தக்கது.

கதை

2065 ஆம் ஆண்டில் அறிவியலாளர் ஒருவர் (ஆர்யா) உருவாக்கிய கால எந்திரம், சோதனைக்காக 2015 ஆம் ஆண்டுக்கு அனுப்பப்படுகிறது. அது வேலையற்ற இளைஞன் இளங்கோவிடமும், சோதிடம் சொல்லிப் பிழைக்கும் அவனது நண்பன் ஆறுமுகத்திடமும் சிக்குகிறது. அரசர் காலத்தைக் காணவோ வரலாற்றை ஆராயவோ அவர்கள் முற்படவில்லை. தொலைந்த பொருள் எங்கே போனது என்பதை இறந்தகாலத்துக்குச் சென்று பார்த்து வந்து, அதைச் சோதிடமாகக் கூறிப் பணம் ஈட்டுகின்றனர். படத்தின் நகைச்சுவை பெரிதும் இதிலிருந்தே பிறக்கிறது.

அத்தகைய பயணம் ஒன்றில், காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்த குழந்தைவேலு என்னும் ரௌடி இவர்களின் குறுக்கீட்டால் உயிர் தப்பிவிடுகிறான். திரும்பி வந்தால் நிகழ்காலத்தில் அவன் உயிரோடு இருக்கிறான். இதைச் சரிசெய்ய மீண்டும் இறந்தகாலம் செல்லவேண்டும், எந்திரமோ பழுதாகிவிடுகிறது.

காலப்பயணமும் முரண்பாடும்

காலப்பயணக் கதைகளில் இருவகை விதிகளைக் காணலாம். ஒன்றில், நடந்தது நடந்ததே. பயணி செய்வதும் ஏற்கனவே வரலாற்றில் அடங்கியிருக்கும். மற்றொன்றில், இறந்தகாலம் மாறினால் நிகழ்காலமும் மாறும். இப்படம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இவ்வகையில் எழும் புகழ்பெற்ற சிக்கல் தாத்தா முரண்பாடு ஆகும். ஒருவர் பின்னோக்கிச் சென்று, தம் பெற்றோர் பிறக்குமுன் தாத்தாவைக் கொன்றுவிட்டால் அவர் பிறந்திருக்கவே முடியாது. பிறவாதவர் கொல்லச் சென்றது எவ்வாறு?

இப்படத்தில் முரண்பாடு தலைகீழாக அமைகிறது. இங்கு நேர்ந்த பிழை கொலையன்று, ஓர் உயிர் பிழைத்ததே. ஆகவே வரலாற்றைத் திருத்துவது என்றால், உயிரோடிருக்கும் ஒருவனை மீண்டும் சாகவிடுவது என்று பொருள். அவன் கொடியவன் என்பதால் படம் இக்கேள்வியில் அதிகம் நிற்காமல் கடந்துவிடுகிறது. சற்று நின்றிருக்கலாம்.

ஐன்சுடைனின் சார்புக் கோட்பாட்டின்படி விரைந்து நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும். அவ்வழியில் எதிர்காலத்தை நோக்கிப் பயணிப்பது கொள்கையளவில் இயலும். இறந்தகாலத்துக்குச் செல்லலாம் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை.

பின்னணி

ரவிக்குமார் கலைஞர் தொலைக்காட்சியின் நாளைய இயக்குநர் என்ற குறும்படப் போட்டி நிகழ்ச்சியில் பங்கேற்றவர். கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி ஆகியோரும் அந்நிகழ்ச்சி வழியே வந்தவர்களே. அவ்விருவரின் முதற்படங்களையும் தயாரித்த சி. வி. குமார் இப்படத்தின் தயாரிப்பிலும் பங்குகொண்டார். ரவிக்குமாரின் அடுத்த படமான அயலான் 2024 இல் வெளியானது.

பிற படங்கள்

சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய ஆதித்யா 369 (1991) என்ற தெலுங்குப் படம் முன்னரே அபூர்வ சக்தி 369 என்ற பெயரில் தமிழுக்கு வந்திருந்தது. அதில் பயணிகள் கிருஷ்ணதேவராயர் காலத்துக்குச் செல்வர். பின்னர் வந்த 24 (2016) படத்தில் கால எந்திரம் ஒரு கைக்கடிகாரம். மாநாடு (2021) படத்தில் ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும். மார்க் ஆண்டனி (2023) படத்திலோ ஆள் பயணிப்பதில்லை. தொலைபேசி வழியாகக் குரல் மட்டுமே இறந்தகாலத்துக்குச் செல்லும்.