கொல்லாத அளவில் ஒரு நஞ்சு

நீரில் கலந்த நஞ்சின் கடுமையை மதிப்பிட ஆய்வகங்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை எளிமையானது. வெவ்வேறு செறிவுகளில் நஞ்சு கலந்த தொட்டிகளில் மீன்களை விட்டு, 96 மணி நேரத்திற்குள் அவற்றில் பாதி இறந்துபோகும் செறிவு எது என்று குறித்துக்கொள்வார்கள். இறப்பை எண்ணுவதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை என்பதால், சட்டம் இயற்றுவோருக்கும் ஆலைகளுக்கு உரிமம் வழங்குவோருக்கும் இந்த எண் வசதியாக அமைந்துவிட்டது. ஆயினும் பாதரசம், ஈயம், காட்மியம், செம்பு போன்ற கன உலோகங்களைப் பொறுத்தவரை, இந்த எண் தெரிவிப்பதைக் காட்டிலும் மறைப்பதே அதிகம். மீனைக் கொல்வதற்குத் தேவையானதைவிட மிகக் குறைந்த அளவிலேயே இவை அதன் நரம்பு மண்டலத்தையும் புலன்களையும் குலைத்துவிடுகின்றன. அந்தக் குலைவு முட்டைப் பருவத்திலோ பொரித்த சில நாட்களிலோ நேர்ந்தால், வளர்ந்த மீனின் நடத்தையிலும் அது தொடரக்கூடும்.

பெரும்பாலான மீன்களின் முட்டைகள் தாயின் உடலுக்கு வெளியே, நீரிலேயே கருவுற்று வளர்கின்றன. கருவுற்றதும் முட்டை சுற்றியுள்ள நீரை உள்வாங்கிப் பருக்கிறது, பின்னர் அதன் உறை இறுகுகிறது. அவ்வாறு நீர் புகும் தொடக்க நேரத்தில் அதில் கரைந்துள்ள உலோகமும் உடன் புகுந்துவிடுகிறது. இறுகிய உறை உலோகத்தின் ஒரு பகுதியைத் தன்மேல் படியவைத்துக் கருவுக்கு ஓரளவு காப்பளிக்கிறது என்றாலும், பொரித்து வெளிவரும் குஞ்சுக்கு அந்தக் காப்பும் இல்லை. நீரைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. தாய் மீன் தன் உடலில் சேர்த்துவைத்த உலோகம், முட்டை உருவாகும்போதே மஞ்சள் கருவுக்குள் சென்று சேர்கிறது. குஞ்சு முதல் சில நாட்களுக்கு அந்த மஞ்சள் கருவை உண்டே வாழ்வதால், வாய் திறந்து இரை தேடுவதற்கு முன்பே அது நஞ்சை உண்ணத் தொடங்கிவிடுகிறது.

உள்ளே சென்ற உலோகம் செய்யும் வேலை உலோகத்துக்கு உலோகம் வேறுபடும். காட்மிய அயனி அளவில் கால்சிய அயனிக்கு மிக நெருக்கமானது. ஆகவே செவுள்களில் கால்சியம் நுழைய வேண்டிய வழிகளிலேயே அது நுழைந்து, உடலின் கால்சியச் சமநிலையைக் கெடுக்கிறது. கால்சியம் மிகுந்த கடின நீரில் இந்த இரண்டுக்கும் போட்டி ஏற்படுவதால், மென்னீரில் தீங்கிழைக்கும் அதே அளவு காட்மியம் அங்கே அவ்வளவு தீங்கிழைப்பதில்லை. ஈயத்தை எடுத்துக்கொண்டால், அமெரிக்காவில் புரூக் டிரவுட் மீன்களை மூன்று தலைமுறைகள் ஈயம் கலந்த நீரில் வளர்த்து 1976இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்தடுத்த தலைமுறைக் குஞ்சுகளின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துபோனது பதிவாயிற்று. பாதரசமோ, உயிர்வளியற்ற சேற்றில் வாழும் பாக்டீரியாக்களால் மீத்தைல் பாதரசம் என்னும் கரிமச் சேர்மமாக மாற்றப்பட்ட பிறகுதான் பெருங்கேடு விளைவிக்கிறது. இச்சேர்மம் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்து செல்லக்கூடியது. செல்கள் பிரிவதற்கும் இளம் நரம்புச் செல்கள் தம் இடத்துக்கு நகர்ந்து செல்வதற்கும் உதவும் நுண்குழாய்களை அது சிதைக்கிறது. இச்சேர்மத்தின் நஞ்சால் 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட பெருந்துயரில், நோயின் அறிகுறி அதிகம் தென்படாத தாய்மாருக்குக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்ததற்கும் வளரும் மூளையின் இந்தத் தாங்காமையே காரணம்.

மீத்தைல் பாதரசம் மீன்களை என்ன செய்கிறது என்பதை ஆய்வகத்தோடு நில்லாமல் நீர்நிலையிலும் தொடர்ந்து பார்த்தவர்கள் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த ஜூடித் வைஸ், பெட்ரிக் வைஸ் தம்பதியர். அவர்கள் தேர்ந்துகொண்ட மம்மிச்சாக் என்னும் சிறு மீன், அட்லாண்டிக் கரையின் உவர்நீர்ச் சதுப்புகளில் ஏராளமாக வாழ்கிறது. பிறந்த ஓடையை விட்டு அதிகம் நகர்வதில்லை என்பதால், ஓர் இடத்தின் மாசு அந்த இடத்து மீனிலேயே தெரிந்துவிடும். 1977இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், மீத்தைல் பாதரசத்துக்கு உட்பட்ட கருக்கள் சிலவற்றில் இரண்டு கண்களும் ஒன்றாக இணைந்து நடுநெற்றியில் ஒற்றைக் கண்ணாக அமைந்திருந்தன. சிலவற்றில் இதயம் அறைகளாக மடியாமல் வெறும் குழாயாகவே நின்றுவிட்டிருந்தது.

பின்னர், ஆலைகள் சூழ்ந்த லிண்டன் நகரருகே ஆர்தர் கில் கால்வாயில் கலக்கும் பைல்ஸ் கிரீக் என்னும் மாசடைந்த ஓடையின் மீன்களைச் சோதித்தபோது எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. அங்குள்ள பெண் மீன்களில் பல இட்ட முட்டைகள், தூய்மையான இடங்களிலிருந்து வந்த முட்டைகளைக் காட்டிலும் மீத்தைல் பாதரசத்தை நன்கு தாங்கின. தாங்க முடியாதவை தலைமுறை தலைமுறையாக அழிந்து, தாங்கக்கூடியவை எஞ்சின என்று இதற்கு விளக்கம் தரலாம். இதோடு ஆய்வை முடித்திருந்தால், இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்ற ஆறுதலான கட்சிக்கு அது நல்ல சான்றாகியிருக்கும். ஆனால் முட்டையில் இருந்த தாங்கும் திறன் வளர்ந்த மீன்களில் காணப்படவில்லை. பைல்ஸ் கிரீக் மீன்கள் மெதுவாக வளர்ந்தன, குறைந்த காலமே வாழ்ந்தன.

அதற்குக் காரணம் அவற்றின் இரைப்பையில் தெரிந்தது. மம்மிச்சாக் இயல்பில் சிறு இறால்களைத் துரத்திப் பிடித்து உண்ணும் மீன். பைல்ஸ் கிரீக்கிலோ, ஊட்டம் குறைந்த மக்கிய சேற்றுக் கழிவே அதன் உணவில் பெரும்பங்கு வகித்தது. தொட்டியில் இறாலை விட்டுப் பார்த்தபோது, தூய்மையான டக்கர்ட்டன் பகுதி மீன்கள் பிடித்த அளவுக்கு இவற்றால் பிடிக்க முடியவில்லை. தம்மைத் தின்ன வரும் நண்டிடமிருந்து தப்புவதிலும் இவை பின்தங்கின. டக்கர்ட்டன் மீன்களைப் பைல்ஸ் கிரீக்கின் சேற்றிலும் இரையிலும் சில வாரங்கள் வைத்திருந்தபோது அவற்றின் வேட்டைத் திறனும் மங்கியது. பைல்ஸ் கிரீக் மீன்களின் மூளையில் செரட்டோனின் என்னும் நரம்புச் செய்திப்பொருள் குறைந்திருந்ததும், தைராய்டு சுரப்பி மாறுபட்டிருந்ததும் தெரியவந்தன. கருப்பருவத்தில் மட்டும் மீத்தைல் பாதரசத்துக்கு உட்படுத்தப்பட்டுத் தூய நீரில் பொரித்த குஞ்சுகளும் தொடக்க நாட்களில் இரைபிடிக்கத் தடுமாறின, நாளடைவில் தேறின. ஆய்வகத்தில் அவற்றுக்கு அந்த அவகாசம் கிடைத்தது. மஞ்சள் கரு தீர்ந்தவுடன் இரை பிடித்தாக வேண்டிய ஓடையில் அது கிடைப்பது அரிது. மீனின் மந்தத்தால் பயனடைந்த உயிரும் ஒன்று உண்டு: பைல்ஸ் கிரீக்கின் இறால்கள் எண்ணிக்கையில் மிகுந்தும் உருவில் பெருத்தும் காணப்பட்டன.

ஒரு மீனின் தொடக்க நாட்களில் நேர்ந்தது அதன் பேரக்குஞ்சுகள் வரை செல்லுமா என்ற கேள்விக்கு விடை தேட உதவியது வரிக்குதிரை மீன். பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட கங்கை மீன்களைப் பற்றிய நூலில் முதன்முதலாக விவரித்த இந்தச் சிறு மீனின் முட்டை கண்ணாடிபோல் தெளிவானது. கண்ணும் இதயமும் உருவாவதை உறைக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம், இரண்டு மூன்று நாட்களில் குஞ்சும் பொரித்துவிடும். மைக்கேல் கார்வனும் உடனாய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கருப்பருவத்தின் தொடக்கத்தில் மட்டும் மீத்தைல் பாதரசம் பட்ட மீன்களின் பேரத் தலைமுறையில் மிகைத் துறுதுறுப்பும் பார்வைக் குறையும் காணப்பட்டன. உலோகம் பட்ட கருவுக்குள், அடுத்த தலைமுறைக்கு வித்தாகும் செல்களும் இருந்தன. ஆகவே பிள்ளைகளுக்கு உலோகம் நேரடியாகவே பட்டது எனலாம். பேரக்குஞ்சுகளுக்கு அது அறவே படவில்லை. மரபணுவின் எழுத்துகள் மாறாமல், எந்த மரபணு எப்போது இயங்க வேண்டும் என்பதைக் குறிக்கும் வேதியியல் அடையாளங்கள் விந்தணுவில் மாறியிருந்ததோடு இந்த விளைவு ஒத்துப்போயிற்று.

செம்பு கேடு செய்யும் வழி இவற்றிலிருந்து வேறுபட்டது. அது மூளை வரை செல்லத் தேவையில்லை. மீனின் மோப்ப நரம்புச் செல்கள் நாசிக் குழியில் நீரோடு நேரடியாகத் தொடர்புகொண்டிருப்பதால், நீரிலுள்ள செம்பு அவற்றை உடனே செயலிழக்கச் செய்கிறது. இந்த இழப்பு எத்தகையது என்பதை உணர, தேனீக்களின் ஆய்வால் புகழ்பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1938இல் அறிவித்த ஒரு கண்டுபிடிப்பை நினைவுகூர வேண்டும். காயம்பட்ட மீனின் தோலிலிருந்து கசியும் ஒருவகைப் பொருளை முகர்ந்ததும், அதே இனத்தின் மற்ற மீன்கள் ஆபத்தை உணர்ந்து ஒதுங்கிவிடுகின்றன. இந்த எச்சரிக்கையை முகரும் ஆற்றல், லிட்டருக்கு 2 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு, செம்பு கலந்த நீரில் மூன்றே மணி நேரத்தில் கோஹோ சால்மன் குஞ்சுகளிடம் குறைந்தது. 2012இல் வெளியான ஆய்வில், செம்பு பட்ட கோஹோ குஞ்சுகள் கட்த்ரோட் டிரவுட் மீன்களுக்கு எளிதில் இரையாயின. காட்மியமும் இளம் ரெயின்போ டிரவுட் மீன்களிடம் இதே எச்சரிக்கையுணர்வை அழித்தது 2003இல் பதிவாகியுள்ளது.

அமெரிக்காவின் மேற்குக் கரை ஓடைகளுக்கு இந்தச் செம்பு வரும் வழிகளுள் முக்கியமானது வாகனங்களின் பிரேக் கட்டை. அது தேய்ந்து சாலையில் படியும் தூளை மழைநீர் அடித்துச் செல்கிறது. 2010இல் வாஷிங்டன் மாநிலமும் கலிஃபோர்னியாவும் பிரேக் கட்டைகளில் செம்பைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றின. 2021 முதல் எடையில் 5 விழுக்காட்டுக்கும், 2025 முதல் 0.5 விழுக்காட்டுக்கும் மேல் செம்பு இருக்கக் கூடாது என்பது வரம்பு. சால்மன் குஞ்சின் மோப்பத்துக்கு நேரும் கேட்டையும் சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்ட அரிய நேர்வு இது. பாதரசத்தாலும் ஈயத்தாலும் மந்தமாகும் மீன்களுக்கு அத்தகைய கணக்கு இன்னும் பரவலாகக் கிடைக்கவில்லை.